குதிரையின் பின்கால்

மூன்று வாரமாக அவள் ஒருவனுடைய முதுகைத்தான் காதலித்துக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லை. பள்ளி நாடகத்தில் வரும் குதிரைக்கு நெட்டையன் முன்கால், அவள் பின்கால்.

முதலில் அவளுக்கு ராணி வேஷம்தான் கொடுத்தார்கள். தையல்காரியான அவள் அம்மா ஒரே பேச்சில் மறுத்துவிட்டாள். “ராணின்னா ராஜா கையைப் பிடிக்கணும். அதெல்லாம் வேண்டாம். முகம் தெரியாத வேஷமா இருந்தா நடி.”

அந்தக் குதிரையைத் தன் கையாலேயே தைத்தும் கொடுத்தாள். “குதிரைக்குள்ள உன்னை யாரு தொந்தரவு பண்ணப் போறா” என்று நிம்மதியாகச் சொன்னாள். மகள் வேகவேகமாகத் தலையாட்டினாள்.

இன்றுதான் நாடக அரங்கேற்றம். நாளை நெட்டையன் குடும்பத்தோடு வேறு ஊருக்குக் குடிபோகிறான். இன்றைக்குச் சொல்லாவிட்டால் அப்புறம் யாரிடம் போய்ச் சொல்வது?

பின்கால் முதலில் நுழைந்து குனிந்துகொள்ள வேண்டும்; முன்கால் கடைசியில்தான் வரும். திரைக்குப் பின்னால் ஏதோ ஓட்டமும் கிசுகிசுப்புமாக இருந்தது. பிறகு முன்கால் அவசரமாக உள்ளே புக, யாரோ வெளியிலிருந்து ஜிப்பை இழுத்து மூடினார்கள்.

வழக்கம்போல் முன்காலின் இடுப்புத் துணியைப் பற்றினாள். விரலில் நறுக்கென்று குண்டூசி குத்தியது. எத்தனை ஊசியைத்தான் இந்த அம்மா துணியிலேயே விட்டுவைப்பாள் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டாள்.

மேடையில் முதல் சுற்றில் சொல்ல வாய் வரவில்லை. இரண்டாம் சுற்றில் துணிந்துவிட்டாள்.

“உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். திரும்பாத, குதிரை தலை கழண்டுரும்.”

முன்கால் நடந்தது.

“எனக்கு உன்னை ரொம்பப் பிடிக்கும். லைப்ரரிக்குப் போறேன்னு வீட்ல சொல்லிட்டு, நீ கிரிக்கெட் ஆடறதைத்தான் பாக்க வந்தேன். நாலு தடவை.”

குதிரை நடுமேடையில் நின்றுவிட்டது. ராஜா கயிற்றை இழுத்துப் பார்த்தான், தட்டிக்கொடுத்தான், கெஞ்சினான். அது அசைவதாக இல்லை. அரங்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

அவளுக்கோ கண் கலங்கிவிட்டது. பாவம், சந்தோஷத்தில் அவனுக்குக் கால் ஓடவில்லை.

“பயப்படாத. எங்க அம்மா ஒரு அப்பாவி. நான் என்ன சொன்னாலும் நம்பிடுவாங்க. நீ மட்டும் ஒரு வார்த்தை சொல்லு.”

அவள் இடுப்புத் துணியை மெல்ல இழுத்தாள். முன்கால் முதன்முறையாக வாயைத் திறந்தது.

“அந்தப் பையன் பயத்துல வாந்தி எடுத்துட்டு மேக்கப் ரூம்ல படுத்துக் கிடக்கான். லைப்ரரி கதையை வீட்ல போய்ப் பேசிக்கலாம், இப்போ அம்மாவோட சேர்ந்து இடது காலைத் தூக்குடி.”