பிடுங்கிய கை

“தானா கழண்டு விழல. யாரோ புடுங்கியிருக்காங்க.”

ஜீப்புக்கு அடியில் மல்லாந்து கிடந்த மெக்கானிக் இதைச் சொல்லி வாய் மூடவில்லை, வெளியே சொத்தென்று சத்தம் கேட்டது. தலையைத் திருப்பிப் பார்த்தார். கல்குவாரி முதலாளியின் மச்சினன், வாயெல்லாம் ரத்தமாக, அவர் முகத்துக்கு நேரே தரையில் கிடந்தான்.

“ஷட்டர இறக்குங்கடா,” என்றார் முதலாளி.

கூட வந்த இரண்டு தடியன்களும் இறக்கினார்கள். எந்நேரமும் ஏதாவது வண்டிக்கு அடியிலேயே கிடப்பதால் மெக்கானிக்குக்கு எலி என்று பெயர். இன்றைக்கு எலி பொறிக்குள் மாட்டிக்கொண்டது.

போன வாரம் குவாரி இறக்கத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்ததும், ஜீப்பின் ஸ்டியரிங் பேய் பிடித்ததுபோல உதறி, வண்டி பாறையில் போய் மோதியது. தினமும் ஓட்டும் மச்சினன் அன்றைக்கு வரவில்லை; ஓட்டியவர் முதலாளி. தலை தப்பியது, வலது கை இரண்டு இடத்தில் ஒடிந்து, மாவுக்கட்டோடு கழுத்தில் தொங்கியது. அடிப்பதற்கு அவருக்கு இடது கையே தாராளம்.

“நல்லாப் பாத்துச் சொல்லு எலி.”

“முன் சக்கரம் ரெண்டையும் ஒரு ராடு சேத்துப் புடிச்சிருக்கு முதலாளி. அது முனையில ஒரு நட்டு. நட்டு சுத்தாம இருக்க ஒரு சின்ன பின். பின் ஒடிஞ்சிருந்தா பாதியாவது ஓட்டையில நிக்கும். இது தொடச்சு விட்டாப்புல இருக்கு. பக்கத்துலயே குறடு பட்ட கீறல் வேற.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. தொழில் பெருமை வாயைத் திறக்க வைத்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டு என்ன பிரயோசனம்?

முதலாளி ஜீப்பின் பின்னாலிருந்து ஜாக்கிக் கம்பியை உருவினார். நடுவில் கணு வைத்து மடிக்கிற, கனத்த இரும்புக் கம்பி.

“அந்தப் பின்னப் புடுங்கின கை எதுவோ, அத ஒடிக்காம நான் இங்கேர்ந்து போகமாட்டேன். ஏன்டா, அன்னிக்குன்னு பாத்து உனக்குக் காய்ச்சல் வந்துச்சு, இல்ல?”

“நெஜமாவே காய்ச்சல் மாமா. அக்காவக் கேளுங்க. ஸ்டியரிங் ஆடுது, வண்டிய எடுக்காதீங்கன்னு நான்தானே சொன்னேன்?”

“ஆடும்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“நீங்க ஆத்துக்குப் போய்ட்டு வந்ததுலேர்ந்தே ஆடுச்சு மாமா...”

கம்பி விலாவில் இறங்கியது. மச்சினன் புழுவாய்ச் சுருண்டான். அடுத்த அடி முட்டியில். அலறல் தகரக் கூரையில் பட்டுத் திரும்பி வந்தது.

“ஆத்துக்கு ஒத்தையாப் போனவன் நான். டயர் வெடிச்சப்பக்கூட எவன் தயவும் இல்லாம நானே மாத்தி ஓட்டிட்டு வந்தேன். நான் ஓட்டுறப்ப ஒழுங்கா இருந்த வண்டி, உன் கைக்கு வந்ததும் ஆடுதா? குவாரிய முழுங்கணும்னு ஆசை. அதுக்கு நான் சாகணும்!”

இன்னொரு அடி. புருவம் கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் வழிந்தது.

மெக்கானிக் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். தான் சொன்ன ஒரு வார்த்தைக்கு ஒருவன் சாகப்போகிறான். “முதலாளி, ஒருவேளை நான்தான் தப்பாப் பாத்துட்டேனோ என்னவோ...”

“உன் கண்ணு தப்பாது. பேசாம அடியிலயே கெட.” முதலாளி தடியன்கள் பக்கம் திரும்பினார். “அவன் வலது கையப் புடிச்சு பம்பர் மேல வைங்கடா.”

வைத்தார்கள். கம்பி உயர்ந்தது. இறங்குகிற நொடியில், எங்கிருந்துதான் பலம் வந்ததோ, மச்சினன் கையை உருவிக்கொண்டான்.

வெறும் பம்பரில் விழுந்த அடியில் பட்டறையே அதிர்ந்தது. கம்பி கணுவில் மடங்கித் தொங்கியது. அதிலிருந்து ஏதோ ஒன்று தெறித்து, ஜீப்புக்கு அடியில் உருண்டுபோய் மெக்கானிக்கின் கன்னத்தருகே நின்றது.

எடுத்துப் பார்த்தார். தலையில் வளையம், கீழே பிளந்த இரண்டு கால், காய்ந்த கிரீஸ். அதை ராடு முனையில் இருந்த ஓட்டையில் நுழைத்தார். பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்ததுபோல உட்கார்ந்துகொண்டது.

“முதலாளி, இந்தப் பின் ஜாக்கிக் கம்பிக்கு எப்படி வந்துச்சு?”

“இப்ப அதுவா முக்கியம்? ஆத்துல டயர் மாத்துறப்ப கம்பி மடங்காம இருக்க கணுவுல போட்டிருந்த ஆணி மணல்ல விழுந்து தொலைஞ்சுது. முன் சக்கரத்துக்கு உள்பக்கம் ஒண்ணு சும்மா நீட்டிக்கிட்டிருந்துச்சு. அதத்தான் குறடு போட்டு நான்...”

முதலாளி அப்படியே நின்றுவிட்டார்.

தடியன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு பின்வாங்கினார்கள். மெக்கானிக் அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டினார்.

மச்சினன் ஜீப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தான். கண்ணில் வழிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, முதலாளியின் கழுத்தில் தொங்கிய மாவுக்கட்டையே பார்த்தான்.

“கம்பியக் கீழ போடுங்க மாமா. அந்தக் கை ஏற்கெனவே ஒடிஞ்சுதான் கெடக்கு.”