தானே நிற்கிற குழாய்

“இது பஸ் ஸ்டாண்டுல மாட்டுற குழாய் சார்” என்றார் பிளம்பர்.

“தெரியும். இதையே மாட்டுங்க.”

அழுத்தினால் பத்து நொடி தண்ணீர் வரும். பிறகு தானாக நின்றுவிடும். இருபது வருடத் தொழிலில், சமையலறைக்கு இதைக் கேட்ட முதல் ஆள் இந்த வீட்டுக்காரர்தான்.

தண்ணீரில் கஞ்சம் போலிருக்கிறது என்று பிளம்பர் நினைத்துக்கொண்டார். அப்படிப்பட்ட மனிதர் எதற்காக இவ்வளவு பெரிய சிங்க் வாங்கினார் என்றுதான் விளங்கவில்லை. வீட்டில் இருப்பது புருஷன், பெண்சாதி இரண்டே பேர். தொட்டியும் இரண்டு. ஆளுக்கொன்று போல.

மல்லாந்து படுத்து, தலையை மேடைக்கு அடியில் நுழைத்துக்கொண்டார். இரண்டு தொட்டியிலிருந்தும் இறங்குகிற குழாய்களை நடுவில் ஒன்றாகச் சேர்த்து, வாஷர் வைத்து, கையாலேயே இறுக்கினார்.

வீட்டுக்காரர் குனிந்து டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். அரைமணி நேரமாக வெளிச்சம் இம்மிகூட அசையவில்லை.

சிங்க்கோடு வந்த இரண்டு அடைப்பான்களைப் பிளம்பர் எடுத்து நீட்டினார்.

“இது வேண்டாம்.”

வீட்டுக்காரர் வாங்கிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டார். புத்தம்புதுசு. பிளம்பருக்கு வாய்வரை வந்தது. சிலரிடம் வாயைக் கொடுத்தால் வேலை நகராது என்று விட்டுவிட்டார்.

கடைசியாக, அடியில் செய்தித்தாளை விரித்து, இரண்டு தொட்டியிலும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். தாள் மொடமொடவென்று அப்படியே கிடந்தது.

“ஒரு சொட்டு ஒழுகாது சார். வீட்ல அம்மாவைக் கூப்பிடுங்க, ஒரு தடவை பாத்துக்கட்டும்.”

வீட்டுக்காரர் உள்ளறைப் பக்கம் போனார். தாழ்ப்பாளை நீக்குகிற சத்தம் கேட்டது.

தாழ்ப்பாள் கதவின் வெளிப்பக்கம் இருந்தது.

அந்த அம்மா வந்தார். யாரோ படிய வாரிவிட்ட தலை. வகிடு மட்டும் கொஞ்சம் கோணல். பிளம்பரைப் பார்க்கவில்லை. நேராக சிங்க் முன்னால் போய் நின்றார்.

வீட்டுக்காரர் அலமாரியிலிருந்து ஏழெட்டுத் தட்டுகளை எடுத்து இடதுபக்கத் தொட்டியில் வைத்தார். எல்லாம் பளபளவென்று இருந்தன.

அந்த அம்மா ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவி வலதுபக்கம் வைத்தார். தண்ணீர் நின்றால் குழாயை அழுத்தினார். மறுபடி நின்றது. மறுபடி அழுத்தினார். நல்ல வேலைக்காரக் கை.

கடைசித் தட்டும் வலதுபக்கம் போனதும், வீட்டுக்காரர் அத்தனையையும் அலுங்காமல் எடுத்து இடதுபக்கம் வைத்தார்.

“ஐயய்யோ, இவ்வளவு கெடக்குதே” என்று அந்த அம்மா முதல் தட்டை எடுத்தார்.

பிளம்பர் ஸ்பேனரைப் பையில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

“காலைலேருந்து ராத்திரி வரைக்கும் இதான்” என்றார் வீட்டுக்காரர், மோட்டார் ரிப்பேரைச் சொல்வதுபோல. “தொறந்த குழாயை மூடத் தெரியாது. தண்ணி ஹால் வரைக்கும் வந்துடும். ஒரே தொட்டியா இருந்தப்ப, கழுவினதை எங்க வைக்கறதுன்னு தேடிக்கிட்டு வாசலைத் தாண்டிப் போயிடுவா. முந்தாநாள் ரெண்டு தெரு தள்ளி, ஈரத் தட்டும் கையுமா நின்னா. பூட்டித்தான் வெச்சேன். இனிமே பூட்ட வேண்டியிருக்காதுன்னு பாக்கறேன்.”

“வேண்டியிருக்காது சார்” என்றார் பிளம்பர்.

அந்த அம்மா கழுவுவதை நிறுத்தித் திரும்பினார். பிளம்பரைத் தாண்டி, வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்தார்.

“நல்லா மாட்டியிருக்கீங்க. எங்க வீட்டுக்காரர் ஆபீஸ் விட்டு வர்ற நேரந்தான். இருந்து பாத்துட்டுப் போங்களேன்.”

“இருக்கேம்மா” என்றார் வீட்டுக்காரர்.