துரைக்கு வயிறு சரியில்லை

வெள்ளிக்கிழமை விடிந்தால் முயலுக்கு வயிறு போய்விடும். இது மூன்றாவது வெள்ளிக்கிழமை.

"இன்னாங்க, எழுந்து வாங்க. உங்க துரை கூண்டெல்லாம் கலீஜ் பண்ணி வெச்சிருக்காரு!" என்று கத்தினாள் சொக்கம்மாள்.

கிருஷ்ணப்பன் துண்டை உதறிக்கொண்டு ஓடி வந்தார். அவர் ஹார்பரில் குமாஸ்தா. கப்பல்காரன் ஒருவன் ஊருக்குப் போகும்போது அவரிடம் விட்டுப் போன முயல் அது. வெள்ளையாக இருந்ததால் துரை என்று பேர் வைத்தார்.

"வெள்ளைக்காரன் போயி நாலு வருசம் ஆவுது. நான் இன்னும் ஒரு துரைக்குக் கழுவிக் கொட்டிகினு கீறேன்."

"சும்மா இருடி. எப்படி வதங்கிக் கெடக்குது பாரு."

அறுகம்புல்லை மூக்கருகே நீட்டினார். முயல் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"எனக்குக் காய்ச்சல் வந்தப்போ ஒரு சுடுதண்ணி வெச்சுக் குடுத்தீங்களா?"

"ஓமத் தண்ணி குடுத்தியா?"

"குடுத்தேன். மோர் குடுத்தேன். மாதுளந்தோலை அரைச்சுக் குடுத்தேன். திங்கக்கிழமை நல்லா ஆயிடுது. தாவுது, குதிக்குது, காயப்போட்ட புடவையைக் கடிக்குது. வெள்ளிக்கிழமை ஆனா மறுபடியும் படுத்துக்குது. அது இன்னா, கிழமை பாத்து வர்ற வயித்துப்போக்கு?"

சொல்லும்போதே அவள் பார்வை, எல்லாக் குடித்தனத்துக்கும் பொதுவான முற்றத்துக் குழாயடிக்குப் போனது. எதிர் வீட்டு ரசூல் பீவி அங்கே குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள்.

சொக்கம்மாள் குரலை உயர்த்தினாள். "வியாழக்கிழமை சாயங்காலம் யாரு கூண்டண்ட குந்திகினு, 'எவ்ளோ கொழுகொழுன்னு கீது'ன்னு கண்ணு வெக்கிறாங்களோ, அவங்களைத்தான் கேக்கணும்."

ரசூல் பீவி குடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நோன்பு மாதம் அது. வியாழக்கிழமை தோறும் ஒரு சொம்பு நோன்புக் கஞ்சி கொண்டு வருவாள். "உங்களுக்குன்னு கறி போடாம தனியாக் காச்சினதுக்கா" என்பாள். போகிற வழியில் முயலோடு இரண்டு நிமிஷம் பேசிவிட்டுப் போவாள்.

"வாயை மூடு. மஜீது என் தோஸ்து. அவன் சம்சாரத்தைப் போயி..." என்று பல்லைக் கடித்தார் கிருஷ்ணப்பன்.

"நான் யார் பேரையாவது சொன்னேனா?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு டோல்கேட்டுக்குப் போனார். அருள்பிரகாசத்தைக் கையோடு கூட்டி வந்தார். மாட்டு டாக்டரிடம் இருபது வருஷம் கம்பவுண்டராக இருந்தவர் அவர்.

அருள்பிரகாசம் முயலின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். கூண்டின் அடிப்பலகையைத் தூக்கினார். இடுக்கில் ஒட்டிக் காய்ந்திருந்ததைச் சுரண்டி மோந்து பார்த்தார்.

"சோறு. வெந்தயம். பூண்டு வாசனை." நிமிர்ந்தார். "இது நோன்புக் கஞ்சிங்க. புல்லு தின்ற ஜீவனுக்கு இதை யாரு ஊத்தினது? இன்னொரு தபா ஊத்தினீங்கன்னா, என்னைக் கூப்புட வேணாம். குழி வெட்ட ஆளைக் கூப்புடுங்க."

முற்றத்தில் இருந்த எல்லோரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

கிருஷ்ணப்பன் மனைவி பக்கம் திரும்பினார். "நமக்கு வந்த கஞ்சியை நீ குடிச்சேன்னு தானே சொன்னே? ரேஷன் அரிசியிலே மிச்சம் புடிச்சு நமக்குக் காச்சித் தர்றாங்கன்னு நான் ஆபீஸ் பூரா சொல்லிகினு கீறேன்."

"குடிச்சேனே! சொம்பைக் கழுவித்தானே திருப்பிக் குடுத்தேன்!"

"அப்போ கூண்டுக்குள்ளே எப்படி வந்திச்சு?"

"நான்தாண்ணே."

மறுபடியும் தண்ணீருக்கு வந்திருந்த ரசூல் பீவி முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். "கூண்டண்ட குந்தும்போது பாவம் பாத்து ரெண்டு வாய் ஊத்திட்டேன். கெடுதல்னு தெரியாதுண்ணே."

கம்பவுண்டர் விடவில்லை. "நோன்பு வெச்சிருக்கிற பொம்பளை, வாயில்லா ஜீவனைக் கொல்லப் பாத்தியேம்மா! உனக்கு விளையாட, அதுதான் கெடைச்சுதா?" என்று ஆரம்பித்துப் பத்து நிமிஷம் பேசினார்.

கிருஷ்ணப்பன் அவள் முகத்தைப் பார்க்காமலே, "இனிமே கூண்டண்ட வர வேணாம்மா" என்றார்.

"சரிண்ணே." குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

'நான் சொன்னப்போ என்னைத் திட்டினீங்களே' என்று சொக்கம்மாள் பிடித்துக்கொள்வாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் வாயைத் திறக்கவில்லை. அவர் வேலைக்குக் கிளம்பியதும் எதிர் வீட்டுக் கதவண்டை போய் நின்றாள்.

ரசூல் பீவி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி அப்படிச் சொன்னே?" குரல் சண்டைக்கு வந்தவள் குரலாகத்தான் இருந்தது. "கறி போடலேன்னாலும் கரண்டி உங்க வூட்டுக் கரண்டிதானேன்னு எனக்கு மனசு ஒப்பலே. சாக்கடையிலே கொட்டினா நாலு பேரு பாப்பாங்க. வெறும் அரிசிக் கஞ்சி அதை இன்னா பண்ணும்னு கூண்டுலே ஊத்தினேன். ஊத்தினது நான்தான்னு உனக்குத் தெரியும் இல்லே?"

"அவர் மோந்து பாத்தப்பவே தெரிஞ்சிச்சுக்கா."

"அப்புறம் ஏண்டி பொய் சொன்னே? அதுவும் நோன்பு வாயாலே?"

ரசூல் பீவி முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"இன்னைய நோன்புக்குப் பதிலா பெருநாள் கழிச்சு இன்னொரு நாள் பட்டினி இருந்துக்குவேன்க்கா. அத்தினி பேர் எதிர்லே உங்களைத் தலைகுனிய வெச்சுட்டா, அதுக்குப் பதிலா நான் இன்னா செய்ய முடியும்?"