கெட்டி ஆயில்

"ஒன்ன நல்லா ஏமாத்திட்டான்டே" என்றார் மெக்கானிக் வீரபாகு அண்ணாச்சி.

நாங்கள் வாங்கவிருந்த பழைய காரின் ஆயில் குச்சியை வெளியே எடுத்து, அதிலிருந்த ஒரு சொட்டை விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தார்.

"இந்த வண்டிக்கு என்ன ஆயில்னு புக்குல போட்டிருக்கு?"

செல்போனில் நான்கு தடவை படித்து வைத்திருந்தேன். "ஃபைவ் டபிள்யூ தெர்ட்டி, அண்ணாச்சி."

"அப்படின்னா நல்லா இளக்கமால்லா இருக்கணும். இது கருப்பட்டிப் பாகு மாதிரி இருக்கு. தேஞ்ச இன்ஜின விக்கவன்தான் கெட்டி ஆயில ஊத்துவான். சத்தம் அமுங்கிரும். ரெண்டு மாசம் கழிச்சு தடதடன்னு கெளம்பும்."

திங்கட்கிழமை நான் வேலையில் சேர வேண்டும். சொந்தக் கார் இருந்தால்தான் வேலை. அதற்காக அப்பா சுந்தரபாண்டியபுரத்தில் இருந்த பத்து சென்டை விற்றிருந்தார்.

"யூசுப்பு அப்படிப்பட்ட ஆளு இல்லடே" என்றார் அப்பா. "மூணு நாள் ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லுங்கன்னு சாவியவே தூக்கிக் குடுத்த மனுசன்."

"அதான்ப்பா தந்திரம். நாளைக்குக் காலையில சவூதிக்கு ஃப்ளைட் ஏறிட்டார்னா யாரப் போய்க் கேக்க?"

அப்பா நிலைகொள்ளாமல் தோளில் கிடந்த துண்டால் காரைத் துடைத்துக்கொண்டே பின்பக்கம் போனார்.

"அங்க வேண்டாம்ப்பா. சாரல் விழுது, திரும்பவும் நனையும்" என்று ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

பிறகு யூசுப்புக்கு போன் போட்டேன்.

"குறைய மறைச்சு விக்கதெல்லாம் ஒரு பொழப்பா, பாய்?"

என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"அங்கனயே இருங்க தம்பி. இந்தா வாரேன்."

கடையநல்லூரிலிருந்து பைக்கில் நனைந்தபடியே வந்து சேர்ந்தார். கையில் அரபி எழுத்துப் போட்ட ஒரு டின்.

"இதத்தான் ஊத்துனேன். வேற ஒண்ணும் செய்யல."

வீரபாகு அண்ணாச்சி டின்னைத் திருப்பிப் பார்த்தார். "இது ட்வென்டி டபிள்யூ ஃபிஃப்டில்லா, நல்ல கெட்டி ஆயிலு! யாரு பாய் ஊத்தச் சொன்னா?"

"சவூதில எங்க முதலாளி வண்டிக்கு இதான். பாலைவனத்துல ஓடுத வண்டிக்கே இதுன்னா, நம்ம வண்டிக்கு இதவிட நல்லது என்ன இருக்கப் போவுதுன்னு வருசம் ரெண்டு டின் கார்கோவுல போட்டு விடுவேன். புள்ளைகளுக்கு மிட்டாய், வீட்டுக்காரிக்கு சோப்பு, வண்டிக்கு ஆயில்."

வீரபாகு அண்ணாச்சி சிரித்துவிட்டார். "அம்பது டிகிரி வெயிலுக்கு உள்ளதக் கொண்டாந்து குத்தாலச் சாரல்ல ஊத்துனா வண்டி என்ன பாடுபடும், பாய்!"

யூசுப் சிரிக்கவில்லை. "புக்குல உள்ளத ஊத்திப் பாருங்க. சத்தம் வந்துச்சுன்னா வண்டிய இங்கனயே விட்டுட்டு, குடுத்த அட்வான்ச வாங்கிட்டுப் போங்க தம்பி."

பழைய ஆயில் சொட்டுச் சொட்டாக வடிந்து முடிய அரை மணி நேரம். புது ஆயிலை ஊற்றியதும் சாவியைத் திருப்பினேன்.

அப்பா பானெட்டில் கையை வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார். "ஏலே சங்கரு, ஓடுதா?"

"ஓடுது அண்ணாச்சி" என்றார் வீரபாகு. "இன்ஜின்ல ஒரு குறையும் இல்ல. நாந்தான் அவசரப்பட்டு வாய விட்டுட்டேன்."

எனக்கு யூசுப்பின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "மன்னிச்சிருங்க பாய். மறைச்சு விக்கீங்கன்னு நெனச்சு..."

"படிச்ச புள்ள, கேக்கத்தான் செய்யணும்."

பானெட்டின் மேலேயே வைத்து வண்டி பேப்பரில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார் யூசுப். பிறகு வண்டியைத் தடவிக்கொண்டே ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பின்பக்க பம்பரின் ஓரத்தில் அந்தக் கை நின்றது.

நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன்.

முந்தாநாள் குற்றாலத்தில் ரிவர்ஸ் எடுக்கும்போது நான் கல்தூணில் உரசிய இடம் அது. வண்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தால் தெரியக் கூடாது என்று, அப்பாவுக்குக்கூடச் சொல்லாமல், வெள்ளை வண்டிதானே என்று எழுத்துப் பிழையை அழிக்கும் வெள்ளைப் பூச்சைப் பூசி வைத்திருந்தேன்.

யூசுப் நகத்தால் லேசாகச் சுரண்டினார். வெள்ளை செதில் செதிலாக உதிர்ந்தது.

அப்பா நின்ற பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, என் காதருகே வந்து மெதுவாகச் சொன்னார்:

"வொயிட்னர் மழைக்கு நிக்காது தம்பி. ஒங்க அப்பா கேட்டா, நான் போட்ட கீறல்னே சொல்லிருங்க."