வெறுமனே திரும்பாத கப்பல்

கம்பம் ஊர் பிரவுசிங் சென்டரில் ஹக்கீம் ஆன்லைனில் விளையாடிச் சேர்த்த விண்கப்பலை, கூட்டாளி பிரான்சிஸே எதிரிகள் தருவதாகச் சொன்ன புதுக் கப்பலுக்கு ஆசைப்பட்டு அவர்களுக்குக் காட்டிக் கொடுத்தான். கப்பல் வெடித்துச் சிதறியது. இருவருக்கும் பேச்சு நின்றுபோனது.

நோன்பு வந்தது. ஹக்கீமின் அம்மா வழக்கம்போல் பிரான்சிஸ் வீட்டுக்குத் தூக்குவாளியில் கஞ்சி கொடுத்தனுப்பினாள். மறுநாள் பிரான்சிஸ் அதே வாளியில் பன்னீர் திராட்சையோடு வந்து நின்றான்.

"வெறும் வாளியாத் தரக்கூடாதுன்னு அம்மா சொன்னாக. இன்னும் கோவமா மாப்ள?"

"மூஞ்சியப் பாரு. வா, போவோம்."

சென்டரில் ஒரே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார்கள். திரையில், சிதறிய கப்பல் விளையாட்டின் துறைமுகத்தில் முழுசாக நின்றது.

"நீயா கொண்டாந்த?"

"சத்தியமா இல்ல மாப்ள. வெடிச்ச கப்பல் எப்பிடி வரும்?"

ஹக்கீம் சரக்கறையைத் திறந்தான். அந்த விளையாட்டில் இல்லாத சரக்கு. அறை நிறையப் பன்னீர் திராட்சை. காம்பெல்லாம் இன்னும் பச்சையாக இருந்தது.