சாத்திய கதவு

டெல்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் கூலர் இரைகிறது. அதன் தட்டியில் நனைந்த புல்லின் வாசனை கூடமெங்கும். பழைய சாமான் வாங்கும் கபாடிவாலாவிடம் போகவிருந்த பழைய கம்ப்யூட்டரை, சீரியலைத் தானே பதிவுசெய்யும் பெட்டியாக அச்சுதன் மாற்றியிருக்கிறார். பத்து நாளாக மேஜைமேல் தனித் திரையோடு இருந்ததை இப்போது டிவியோடு இணைக்கிறார். தரையில் நான்கு ஸ்க்ரூ, தூசி துடைத்த பனியன் துணி. "எல்லா நாளும் பதிவாயிருக்கு," என்கிறார். "நெஜமாவே நீங்க ஒண்ணுகூடப் பாக்கலையா?" என்று கேட்கிறாள், ஊரிலிருந்து திரும்பியிருக்கும் மனைவி வைதேஹி. "நீ இல்லாம எப்படிப் பாப்பேன்?" அவளும் பார்க்கவில்லை. சேர்ந்துதான் பார்ப்பது என்று பேச்சு. திருச்சியில் அக்கா வீட்டில் அந்தப் பத்து நாளும் சீரியல் நேரத்தில் எழுந்துபோய், மொட்டைமாடியில் கொசுக்கடியில் அரைமணி நின்றவள் அவள். அச்சுதன் வந்து பக்கத்தில் உட்கார்ந்து ரிமோட்டை அமுக்குகிறார். திரையில் மருமகள் பால் காய்ச்சுகிறாள். பின்னால், ஓர் ஓரமாக, சாத்திய கதவு. பால் நுரைத்து ஏறுகிறது. "என்ன ஆகப்போறதோ," என்கிறார் அச்சுதன். சொல்லும்போதே அவர் கண் பாலை விட்டு அந்தக் கதவுக்குப் போய் அங்கேயே நிற்கிறது. வைதேஹி திரையைப் பார்க்கவில்லை, அவரைப் பார்க்கிறாள். அதற்கப்புறம்தான் திரையில் அந்தக் கதவு திறக்கிறது.