ஒரு பாட்டு, முழுசாக

"அதெல்லாம் ஒரு பாட்டா? மிக்சி ஓடினாக்கூட அதைவிடச் சுதி சேரும்" என்று உதட்டைப் பிதுக்கினார் பெரியவர்.

முந்தாநாள் வங்கி ஊழியர்கள் பாடிய போராட்டப் பாட்டைப் பற்றித்தான் பேச்சு. தெருமுனையில் நிறுத்திய வண்டிக்குள் மூன்று பேர். ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்த டிரைவர், வாயில் பல்குச்சியோடு ஒல்லி, ஜன்னலோரம் பெரியவர். மூவருக்கும் போராட்டப் பாட்டென்றால் உயிர். ஊர்வலம் வருகிறது என்று காதில் விழுந்தால் போதும், ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து இடம் பிடித்துவிடுவார்கள்.

"சுதியை விடுங்கண்ணே, வரியைக் கேட்டீங்களா?" என்றார் ஒல்லி. "'கனிவுடன் பரிசீலிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்'னு வருது பல்லவி. அது பாட்டா, லீவு லெட்டரா?"

"நீங்க வேற. போன வாரம் மாணவர்களைக் கேட்டிருக்கணும்" என்றார் டிரைவர். "ஒருத்தனும் வாயைத் திறக்கல. செல்போன்ல பாட்டைப் போட்டு ஸ்பீக்கரைத் தூக்கிப் பிடிச்சாங்க. நடுவுல விளம்பரம் வந்துடுச்சு. முட்டிவலித் தைலம். 'இன்றே வாங்குங்கள்'னு அது சொல்லுது, இவங்க 'வாங்குவோம், வாங்குவோம்'னு கையைத் தூக்கறாங்க."

பெரியவர் தலையில் அடித்துக்கொண்டார். முப்பத்து நான்கு வருடமாகக் கேட்கிற காது அது. ஆலைத் தொழிலாளர், ஆசிரியர், செவிலியர், ஒருமுறை வேலைநிறுத்தம் செய்த சர்க்கஸ் கோமாளிகள் என்று அவர் கேட்காத ஆளில்லை. எங்கே நடந்தாலும் அவருக்கு முன்வரிசைதான். அந்தக் காலத்தில் துறைமுகக் கூலிகள் பாட்டை எடுத்த எடுப்பில் இரண்டு கப்பல்கள் நங்கூரத்தை அறுத்துக்கொண்டு தாமாகவே கிளம்பிப் போயின என்பார். எதிர்த்துப் பேச இதுவரை யாருக்கும் மனம் வந்ததில்லை.

"இந்த ஜனங்களுக்கு என்னதான்டா ஆச்சு? கோபம் இல்லையா, தொண்டை இல்லையா?"

"ரெண்டும் இருக்குண்ணே, பொறுமைதான் இல்ல. பல்லவியைத் தாண்டி யாரு நிக்கறா? பாதியிலயே ஓடிடறாங்க" என்றார் ஒல்லி.

"நான் முழுசா ஒரு பாட்டுக் கேட்டு ஆறு வருஷமாச்சு" என்றார் பெரியவர். இன்றோடு அவருடைய வேலை முடிகிறது. நாளை முதல் ஓய்வு.

தனக்காக மட்டுமென்றால் போகட்டும் என்று விட்டிருப்பார். வீட்டில் ஒருத்தி இருக்கிறாளே. சாயங்காலம் இவர் செருப்பைக் கழற்றுவதற்குள் "இன்னைக்கு என்ன பாட்டு?" என்பாள். இவர் பாடிக் காட்ட வேண்டும். ஆறு வருடமாக அரைப் பாட்டும் கால் பாட்டுமாகப் பாடி, வீட்டில் இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் காற்றில் போய்விட்டது. காலையில் கிளம்பும்போது அவள் கறாராகச் சொல்லிவிட்டாள்: "கடைசி நாளாவது ஒரு முழுப் பாட்டோட வாங்க. இல்லேன்னா அப்படியே உங்க தம்பி வீட்டுக்குப் போயிடுங்க."

தம்பி வீட்டை நினைத்தாலே பெரியவருக்குக் குலை நடுங்கும். தம்பி புல்லாங்குழல் கற்றுக்கொள்கிறான்.

தெருக்கோடியில் சலசலப்பு. தையல் ஆலைப் பெண்கள், இருநூறு பேர் இருக்கும். மைக் இல்லை, ஸ்பீக்கர் இல்லை. சாப்பாட்டு டப்பா மூடிகளைத் தட்டிக்கொண்டே வந்தார்கள். முன்னால் வந்த குட்டையான ஓர் அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு எடுத்தாள்:

*"ஊருக்கெல்லாம் சட்டை தைச்சோம், எங்க முதுகை மூட யாருமில்ல.
காஜா எடுத்த கையிக்குள்ள காத்து மட்டும் மிச்சமடி."*

ஒல்லியின் வாயிலிருந்து பல்குச்சி விழுந்தது. பெரியவரின் கைமுடி குத்திட்டு நின்றதில் சட்டைக்கை ஓர் அங்குலம் மேலே ஏறிக்கொண்டது. உடனே வீட்டுக்குப் போன் போட்டார்.

"கேக்குதாடி?"

"நீங்க பேசறதுதான் கேக்குது. வாயை மூடிக்கிட்டு போனை வெளியே நீட்டுங்க."

நீட்டினார். முதல் சரணம் முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. ஒருத்தியும் ஓடவில்லை.

"ரெண்டாவது சரணம்னு ஒண்ணு இருக்கறதையே மறந்துட்டேண்ணே" என்றார் டிரைவர்.

"பேசாதே. மூணாவதுக்கு மூச்சு இழுக்கறா பாரு."

அந்த நேரம் பார்த்து வண்டியின் பக்கவாட்டில் யாரோ ஓங்கித் தட்டினார்கள். "உள்ளே என்னய்யா பண்றீங்க? எத்தனை தடவை கை காட்டறது?"

"ரெண்டே நிமிஷம் சார்" என்று கெஞ்சினார் பெரியவர். "கடைசிச் சரணம் சார். சாமி சத்தியமா முடிஞ்சிடும்."

முடிந்தது. டப்பா மூடிகள் மூன்று முறை அதிர்ந்து ஓய்ந்தன. போனுக்குள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "சரி, நீங்க வீட்டுக்கே வாங்க" என்றாள் அவள்.

பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போலீஸ் தலைக்கவசத்தை மாட்டினார். வண்டியின் கூரைமேல் இருந்த தண்ணீர்ப் பீரங்கியைக் கூட்டத்தின் பக்கமாகத் திருப்பினார். "திறந்து விடுப்பா" என்றார் ஒல்லியிடம், "ஆனா பாடின அந்தம்மா மேல மட்டும் ஒரு சொட்டுப் படக் கூடாது, குரல் கட்டிக்கும்."